மருமகளுக்கு ஒரு இட்லிக் கொப்பரை

மதுரைக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பினாங்கில் எங்கள் தெருவே ஆளுக்கொரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சீனத் தோழிக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ளப் பருத்தித் துணி. கோயில் கமிட்டித் தலைவருக்குத் தாழம்பூக் குங்குமம். என் தங்கைக்குச் சுங்குடிச் சேலை, அதுவும் சாயம் போகாததாக. ஐந்து நாள் பயணத்துக்குப் பதினொரு பேர் பட்டியல் கொடுத்தார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னது ஒருத்திதான். அவள் என் மருமகள் பாண்டிச்செல்வி.

செல்விக்கு மதுரைப் பக்கம் திருவாதவூர். பொறியியல் படித்துவிட்டுப் பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்தவள், என் ஒரே மகன் தினேஷைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடமாக என் வீட்டில் இருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். அவளைப் பெற்றவர்கள் ஊரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறார்கள். டாக்டர் அவளை விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். தினேஷ் அவளை விட்டு வரமாட்டான். ஆகவே சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குச் சீர் கொண்டுபோகும் பொறுப்பு அறுபத்தொரு வயதான என் முழங்கால்களின் மேல் விழுந்தது. மதுரையை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

போகுமுன் ஒரு மாதமாக வீட்டில் காற்றே சரியில்லை. குற்றம் என்னுடையது. நான் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, செல்வி சமையலறை அலமாரிகளை மாற்றி அடுக்கியிருந்தாள். குனிய முடியாத வயிற்றோடு, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறாள் என்பது இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "இது என் அடுப்படி, இங்கே எதுவும் நகரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தேவைக்குத்தான் பேசினாள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, அவர்கள் இருவரும் அறைக்குள் பேசியது கூடத்தில் இருந்த என் காதில் விழுந்தது. குழந்தை பிறப்பதற்குள் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். பதினொரு பேர் சீட்டும் கைப்பையில் இருந்தாலும், நான் மதுரைக்கு உண்மையில் போனது ஒரே சாமான் வாங்கத்தான். செல்வியை என் வீட்டிலேயே இருக்கவைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று அவள் ஊர்க் கடைகளில் கிடைக்காதா என்று தேடத்தான்.

முதல் நாள் காலை. தங்கியது தல்லாகுளத்தில் ஒரு லாட்ஜ். எதிர்ச்சாரியில் ஓட்டல் கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். பினாங்கில் சாலையைக் கடக்க விளக்கைப் பார்ப்போம். இங்கே ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் நின்றேன். கடைசியில் கோப்புக்கட்டோடு வந்த ஒரு வக்கீல் அம்மா, முன்பின் தெரியாத என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

ஓட்டலில் நான்கு சட்னியோடு இட்லி வந்தது. இட்லி சுடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் நாலடுக்குத் தட்டு இட்லியைத் தெருவே புகழும். ஆனால் இந்த இட்லியைத் தொட்டதும் விரல் உள்ளே போய்விட்டது. ஆறு சாப்பிட்டேன். பரிமாறியவரிடம் மாவில் என்ன போடுகிறார்கள் என்று விசாரித்தேன். மாவில் ஒன்றுமில்லை, கொப்பரையில் துணி விரித்து ஊற்றுவதுதான் விஷயம் என்றார். வந்த புதிதில் செல்வியும் இதைத்தான் சொன்னாள். துணியில் ஊற்றினால் இன்னும் பூவாக வரும் அத்தை என்றாள். என் தட்டுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டேன். ஏழாவது இட்லி கேட்க வெட்கமாக இருந்ததால் எழுந்துவிட்டேன்.

அங்கிருந்து கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கு. ஆட்டோக்காரர் என்னை ஒரு வாசலில் இறக்கி, நான்கு வாசலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றல்ல என்று சித்திரை வெயிலில் முழுச்சுற்று சுற்றித் தெரிந்துகொண்டேன். குங்குமம் வாங்கியாயிற்று. கழுத்துத் துணியும் வாங்கியாயிற்று. சுங்குடிச் சேலைக் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம் கிடைத்தது, அதனால் அங்கே நெடுநேரம் இருந்தேன்.

கடைக்காரர் சௌராஷ்டிரர். ஐம்பது வயது இருக்கும், மெதுவான பேச்சு. தங்கைக்கு அரக்குச் சேலை ஒன்றை ஐந்து நிமிடத்தில் முடித்தோம். அடுத்தது மருமகளுக்கு என்றேன். அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார். நான் யோசித்தேன். ஒன்றரை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவளுக்கு எந்தப் பஸ்ஸில் தலை சுற்றும் என்று தெரியும், எந்த ஊறுகாய் ஆகாது என்று தெரியும், கலர் தெரியவில்லை. தினேஷுக்குப் போன் போட்டேன். நீலம் என்றான், இல்லை பச்சை என்றான், அம்மா நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான்.

கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் போனை எடுத்து அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் உயர்ந்தது. இவர் சமாதானம் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "என் வீட்டுல என்ன கலர் பிடிக்கும்னு கேட்டேம்மா. இருபத்தாறு வருசமா சேலை விக்கிறேன், அவகிட்ட கேட்டதில்ல. எதுக்கு இன்னைக்குத் திடீர்னு கேக்குறீங்க, என்ன தப்புப் பண்ணீங்கன்னு கேக்குறா." நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனால் செல்விக்குச் சேலை வாங்காமல்தான் வெளியே வந்தேன். தெரியாமல் ஒரு நிறத்தை எடுத்துப்போய், அவள் நல்லா இருக்கு அத்தை என்று மரியாதைக்குச் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வெயிலுக்கு ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றித் தருகிற செண்டோலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். பாதி குடிக்கும்போதே யோசனை வந்துவிட்டது. சேலை எதற்கு, இட்லிக் கொப்பரை வாங்கிப்போவோம். அவள் கேட்டு நான் மறுத்த சாமான். அதை நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தால், மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்கும், வாய்விட்டுக் கேட்காத மாதிரியும் இருக்கும். என் குணத்துக்கு அதுதான் தோது.

இரண்டாம் நாள் மாசி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரைவரை எவர்சில்வர். எங்கே திரும்பினாலும் என் முகமே கோணலாகத் தெரிந்தது. சம்பந்திக்குச் சீராக ஒரு பித்தளைக் குடம் எடுத்தேன். செல்விக்குக் கொப்பரை. பெரிது வேண்டுமா சிறிது வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, இப்போது மூன்று பேர், இன்னும் இரண்டு மாதத்தில் நாலு பேர் என்று கணக்குச் சொன்னேன். அந்த நாலில் என்னையும் சேர்த்திருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். கனமான அடி, சரியாக உட்காரும் மூடி, குழித்தட்டு இரண்டு, மேலே விரிக்கத் துணியும் கொடுத்தார்கள்.

கடை வாசலில் ஒரு அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் பேனா மாதிரி ஒரு மின்கருவி. அது கிர்ரென்று சத்தம் போட, பாத்திரத்தில் எழுத்து புள்ளி புள்ளியாக விழுகிறது. எங்கள் பினாங்குத் தமிழர் வீடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் இரவல் போன பாத்திரம், பேர் இருந்தால்தான் வீடு திரும்பும். என் வீட்டில் அண்டாவிலிருந்து கரண்டிவரை பேர் வெட்டாத சாமான் கிடையாது. அதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன், அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

குடத்தில் 'அன்பளிப்பு: ப. இராஜேஸ்வரி, பினாங்கு' என்று வெட்டச் சொன்னேன். முத்து முத்தாக எழுதினார். முடித்ததும் கொப்பரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இதற்கும் பேர் வெட்ட வேண்டுமா என்று கேட்டார். வெட்டாமல் விடுவேனா, வெட்டுங்கள் என்றேன். அதே பேர்தானே என்றார். நான் அப்போது கடைக்காரரிடம் விமானத்தில் நசுங்காத அட்டைப்பெட்டி வேண்டும் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே ஆமாம் என்றேன். செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் திருவாதவூர். செல்வியின் அண்ணன் அழகர் பைக்கில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். சீர் கொண்டுவருகிற சம்பந்தி பைக்கில் வந்து இறங்கினால் என்ன மரியாதை என்று மறுத்துவிட்டு, குடமும் கொப்பரையுமாகப் பஸ் ஏறினேன். ஒத்தக்கடைவரை யானைமலை பக்கவாட்டில் கூடவே வந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பினாங்காக இருந்தால் ஆளாளுக்குப் போனில் புகார் எழுதியிருப்போம். இங்கே எல்லாரும் இறங்கி, புளியமர நிழலில் நின்று, என் குடம் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

விசேஷ வீடு எது, யார் வீடு என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிய ஒரு சின்ன லோடு வண்டியை நடுரோட்டில் மறித்துவிட்டார்கள். அது அதே வீட்டுக்குத்தான் போகிறதாம். ஓட்டுநர் பக்கத்தில் என்னை ஏற்றி, மடியில் குடத்தை வைத்தார்கள். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், பாதி வற்றின கண்மாய், அதில் கொக்கு. பைக்கில் வந்தால் மரியாதை போய்விடும் என்று சொன்ன சம்பந்தி, நூறு நாற்காலியோடு நாற்காலியாகப் போய் இறங்கினாள். செல்வியின் அம்மா பஞ்சவர்ணம் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. வீட்டு நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருங்கல் பலகையில் பொன்னெழுத்தில் 'பாண்டிச்செல்வி இல்லம்' என்று இருந்தது.

மகன் இருக்கும்போது மகள் பேரா என்று கேட்டேவிட்டேன். எனக்கு நாக்கு அப்படி. பஞ்சவர்ணம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கணவரின் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் நட்டுப் பிழைத்த குடும்பம். இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கர். செல்வியின் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்களாம். அவள் பேரைத்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அழகர்தானாம். அவன் அந்தப் பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டு நாற்காலி இறக்கினான்.

பால் பொங்கியது. முதல் பந்தி முடிந்தது. கத்திரிக்காய்க் கூட்டும் பருப்பும் மறக்க முடியாது, இரண்டு முறை சோறு வாங்கினேன். பந்தி ஓய்ந்ததும் பஞ்சவர்ணம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, செல்விக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். சணலை அவிழ்த்து, செய்தித்தாளைக் கிழித்து, கொப்பரையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். பஞ்சவர்ணம் விளிம்புக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். ப. இராஜேஸ்வரி, பினாங்கு.

அன்பளிப்பு என்ற வார்த்தைகூட இல்லை. சொந்தச் சாமானுக்கு வெட்டுகிற மாதிரி என் பேர் மட்டும். மருமகளுக்கு என்று தேடி வாங்கிய பாத்திரத்தை, கடல் தாண்டி வந்தும், எனக்கென்று முத்திரை போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அவள் பேரை நெற்றியில் எழுதியிருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் காட்டியும் விட்டேன். எனக்குக் காதெல்லாம் சூடானது. பேர் வெட்டிய அம்மா தவறாக வெட்டிவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டார், நான்தான் ஆமாம் என்றேன். சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எழுந்தார். மகளுக்குப் போகிற சட்டி, இந்த வீட்டில் ஒரு ஈடு வேகட்டும் என்று மஞ்சள் குங்குமம் வைத்து, துணியை நனைத்து விரித்து, மாவை ஊற்றி அடுப்பில் ஏற்றினார். இட்லி வேகும்வரை நாங்கள் இருவரும்தான் அடுப்படியில் நின்றோம். அப்போதுதான், என்னைப் பார்க்காமல், மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன்ல சொல்லுவா சம்பந்தி. கரண்டியிலகூட அத்தை பேரு இருக்கும்மா, எதை எடுத்தாலும் கேட்டு எடுக்கணும்போல இருக்குன்னு. சின்னப்புள்ள, விவரமில்லாம சொல்லுது. மனசுல வச்சுக்கிறாதீக."

விவரமில்லாதவள் அவளல்ல. பதினாறு பேர் புழங்கிய வீட்டுக்கு நான் மருமகளாகப் போனபோது, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்தது சீராக வந்த பாத்திரங்கள் மட்டும்தான். நாத்தனார்கள் எடுத்தால் திரும்பி வராது. அந்தப் பயத்தில்தான் முதல் முதலாகப் பேர் வெட்டினேன். பயம் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. வெட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது என் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதே மாதிரி ஒரு இடமும் இல்லாமல் செய்திருக்கிறேன். பஞ்சவர்ணத்திடம் இட்லி வெந்தது என்று மட்டும் சொன்னேன். இரண்டு இட்லியை என் இலையில் வைத்து, இம்புட்டுத்தானா என்று நான்காக்கினார்.

மாலையில் அழகர் என்னைத் தல்லாகுளத்தில் விடப் பைக்கை எடுத்தான். இந்த முறை மரியாதை பார்க்கவில்லை. லாட்ஜ் வாசலில் இறங்கியதும் அவனிடம் நேரடியாகக் கேட்டேன், எவர்சில்வரில் வெட்டின பேரை அழிக்க முடியுமா என்று. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்தான். ஆனால் அவன் அம்மா குங்குமம் வைத்து முதல் ஈடு எடுத்த சட்டியை விட்டுவிட்டு வேறொன்றைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அவன் கொப்பரையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குக் கப்பலூரில்தான் வேலை, பாத்திரம் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில். பஃப் அடித்தால், துணிச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால், போய்விடும், காலையில் வாருங்கள் அத்தை என்றான்.

நான்காம் நாள். பட்டியலில் இன்னும் ஐந்து பேர் சாமான் பாக்கி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் ஹெல்மெட்டும் மடியில் கொப்பரையுமாக அழகர் பின்னால் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போனேன். கப்பலூருக்குக் கூப்பிடு தூரத்தில் டயர் பங்க்சர். ஒட்டுகிற நேரத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். சுக்கும் கருப்பட்டியுமாகத் தொண்டையில் இறங்கியது. சும்மா இருக்க முடியாமல், செல்விக்கு என்ன கலர் பிடிக்கும் என்று அவனிடமும் கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அத அவகிட்டயே கேக்கலாம்ல அத்தே? கேட்டா சொல்லுவா. யாரும் கேக்கலைன்னாதான் அவளுக்குக் கோவம் வரும்."

மகனிடம் கேட்டேன், சேலைக்காரரிடம் பேசினேன், அண்ணனிடம் கேட்டேன். போன் என் கையில்தான் இருந்தது. அவளை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. பங்க்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கேயே கிடைத்துவிட்டது.

பட்டறையில் காதைப் பொத்துகிற சத்தம். துணிச் சக்கரம் சுழல, அதில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஆட்கள் முகமெல்லாம் கரி, கையில் மட்டும் கண்ணைப் பறிக்கிற வெள்ளி. சக்கரத்தில் இருந்த பெரியவர் கொப்பரையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அழகரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அழகர் சிரித்தபடி வந்து சொன்னான்: பாத்திரத்தில் பேரை அழிக்கச் சொல்வது திருட்டுச் சாமான் விற்கிறவர்கள்தானாம், அம்மா யார் என்று கேட்கிறாராம்.

நான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். வேறு எதற்கும் இந்தப் பயணத்தில் அது அவ்வளவு அவசியமாகப் பயன்படவில்லை. பெரியவர் பாஸ்போர்ட்டையும் கொப்பரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சொந்தப் பேரையா அழிக்கச் சொல்றீக?" என்றார்.

ஆமாம் என்றேன். இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன். அவர் சக்கரத்தில் அழுத்தினார். முதலில் ஊர் போயிற்று, பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக. பார்க்கக் கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கடைசி எழுத்தும் போனபோது, ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கனமும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. துடைத்துக் கையில் கொடுத்தபோது சூடாக இருந்தது. மருமகள் பேரை வெட்டித் தரட்டுமா, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். அவளைக் கேட்காமல் அதில் இனி ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

ஐந்தாம் நாள் முழுக்க மூட்டை கட்டுவதில் போயிற்று. கொப்பரைக்குள் குங்குமப் பொட்டலங்களும் பஞ்சவர்ணம் கொடுத்துவிட்ட வடகமும் உட்கார்ந்தன, அதைச் சுற்றித் தங்கையின் சேலை. பாக்கி ஐந்து பேருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி மஞ்சள் பை வாங்கினேன். சண்டை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருப்பது இட்லிக் கொப்பரை என்று தெரிந்ததும், சோதித்த பெண், துணி போட்டு ஊத்துறதா என்று கேட்டு, தானே அழகாக மூடிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். தினேஷ் வேலைக்குப் போயிருந்தான். செல்வி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கொடுத்த வடகத்தை முகர்ந்து பார்த்தாள், புது வீட்டுப் படங்களைப் பார்த்தாள், கல்லில் தன் பேரைப் பார்த்து அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து கொப்பரையைக் கொடுத்தேன்.

மடியில் வைத்துக்கொண்டு விளிம்புக்குக் கீழே விரலால் தடவினாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். கவிழ்த்து அடியையும் பார்த்தாள்.

"பேரு வெட்டலையா அத்தே?"

எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் ஆமாம் என்றதை, அவள் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்ததை, கரண்டியைப் பற்றிச் சொன்னதை. அந்த இடத்தில் அவள் முகம் மாறியது. திருட்டுச் சாமான் என்று பெரியவர் சந்தேகப்பட்டதைச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கி, பாஸ்போர்ட் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் ஓய்ந்ததும், விமானத்தில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். தனி வீடு பார்ப்பது எனக்குத் தெரியும், நல்ல வீடாகப் பாருங்கள், அடுப்படியில் வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கவனி, இந்தக் கொப்பரையை அங்கே கொண்டுபோ, அதில் என்ன பேர் வெட்டுவது என்று நீயே முடிவு செய். அவளைப் போகவிடாமல் இருக்கச் சாமான் தேடிப் போனவள், என் வாயாலேயே போகச் சொல்லிவிட்டேன்.

செல்வி மூடியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு ரூம் வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கோம்" என்றாள். மூடியைக் கொப்பரையில் பொருத்தி வைத்துவிட்டு, "அது வேணாம். ரெண்டு ரூம் இருக்குறதாப் பாக்கச் சொல்றேன்" என்றாள்.

பிறக்காத குழந்தைக்கு இப்போதே தனி அறையா, வாடகை என்ன ஆகும் என்று நான் ஆரம்பித்தேன்.

"குழந்தைக்கு இல்ல அத்தே. நீங்க வந்தா எங்க படுப்பீங்க?"

வாரத்தில் மூன்று நாள் கண்டிப்பாக வருவேன் என்று சொன்னேன். வாங்க என்றாள். காலை இட்லியை அவளே சுடட்டும், நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றேன். அதற்கும் சரி என்றாள். அடுப்படிப் பக்கமே வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.